ஃபேனை நிறுத்திவைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அது பின்னால் வரும், பதறாமல் வரிசையாகப் படி. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ என்பதால் சொல்லி வைக்கிறேன். போனும் வீடியோவும் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். முதலில் மெசேஜில்தான் எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். அனுப்பினால் அடுத்த நிமிஷம் நீ கூப்பிடுவாய், படம் நின்று நின்று வரும், அரையும் குறையுமாகத் தெரிந்துகொண்டு நீ அங்கே அழுவாய், நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடப்பேன். அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் கடிதம். பன்னிரண்டு நாளில் போய்ச் சேரும் என்று தபால் கவுன்ட்டரில் சொன்னார்கள். போய்ச் சேர வேண்டும்.

நீ வாராவாரம் டவர் வேலை முடிஞ்சுதாப்பா என்று கேட்பாயே, அதற்குப் பதில் இப்போது இருக்கிறது. முடிந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் திறந்து விடுகிறார்களாம். இதைப் படித்ததும் நீ துள்ளுவாய் என்று தெரியும். எனக்குத் துள்ளத் தெம்பில்லை. மூன்று வருஷம், கண்ணு. மாநகரம் முழுக்க அந்த வருஷக் கடைசிக்குள் வேகமான நெட்வொர்க் என்று பேப்பரில் போட்டபோது அந்தப் பக்கத்தை வெட்டி என் அறைக் கதவில் ஒட்டினேன், அது மஞ்சளாகி ஓரம் சுருண்டு, போன வருஷம் தானாகவே விழுந்தது. கம்பெனிக்காரன் வெப்சைட்டில் ஒரு வரைபடம், வந்த இடமெல்லாம் ஊதா, வராத இடம் சாம்பல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊதா, ரயில் நிலையம் ஊதா, குப்பை கொட்டுகிற மைதானம்கூட ஊதா, நம் தெரு மட்டும் சாம்பல். இதில் பெரிய கேலி என்னவென்றால் எதிர்க் கட்டடத்தின் மேல் அவர்கள் விளம்பரப் பலகையைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் போனைப் பார்த்துப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறாள், அவள் காலடியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற சனம் போனைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட மனுக்கள் மட்டும் பதினொன்று. கடைசியில் ஒருவழியாக, உங்கள் பகுதிக்குச் சரியான உயரம் உங்கள் கட்டடத்து மொட்டை மாடிதான், அங்கேயே புதுக் கருவிகளை வைக்கிறோம் என்று எழுதினார்கள். எட்டு மாடி, அறுபத்து நான்கு வீடு, அத்தனைக்கும் தண்ணீர் மோட்டார் போடுகிற இந்தப் பராமரிப்புக்காரன் கையில்தான் மொட்டை மாடிச் சாவியும் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருமுறை கேட்டார், உங்களுக்கென்னங்க, நீங்க சினிமாகூடப் பார்க்க மாட்டீங்களே என்றார். மற்ற வீடுகளில் படம் நின்றால் குரலாவது வரும் சார், எங்கள் வீட்டில் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும் என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து காது கேட்காத உன் அம்மாவுக்குக் கைதானே வாய். நீ வாயால் பேசுவதற்கு முன்னாலேயே அவளோடு கையால் பேசினவள், உனக்கு இதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. நீ வெளிநாடு போன இந்த நான்கு வருஷத்தில் உன் அம்மா சொன்னதில் பாதி உனக்கு வந்து சேரவில்லை. கையைத் தூக்குவாள், அந்தரத்தில் நிற்கும், பிறகு படம் ஒரே தாவாகத் தாவி வேறெங்கோ போயிருக்கும். நடுவில் என்ன சொன்னாள் என்று நீ என்னைக் கேட்பாய், நான் வாயால் சொல்வேன், சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெற்ற மகளோடு பேச மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும். அதனால்தான் பதினொரு மனு.

இப்போது அந்தத் திருத்தத்துக்கு வருகிறேன். போன வருஷம் மழை தொடங்கின சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரைக்கு நீ வழக்கம்போலக் கூப்பிட்டாய். உன் அம்மா சாப்பிட்டியா என்று கேட்கக் கையை வாய்ப் பக்கம் கொண்டுபோனாள், பாதியில் நின்றுவிட்டது. நீ சிரித்துக்கொண்டே, படம் நின்னு போச்சும்மா என்று கைகாட்டிவிட்டுக் கட் செய்து மறுபடி கூப்பிட்டாய். அன்றைக்குப் படம் நிற்கவில்லை, கண்ணு. திரை ஓரத்துச் சின்னக் கட்டத்தில் எங்கள் படமும் தெரியுமே, அதில் நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கை மட்டும்தான் நின்றிருந்தது. நீ கவனித்திருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், மறுபடி உன் அழைப்பு வந்து போனில் விளக்கு மினுக்கியதும் அவள் இடது கையால் வலது கையை மெல்லப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நீ நெட்வொர்க்கா என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். பொய் அவ்வளவுதான், ஒரு தலையாட்டல், அதற்குப் பிறகு அதைக் கட்டிக் காப்பாற்றத்தான் நாய்ப் பாடு பட்டோம். அடுத்த ஞாயிறு முதல் நீ கூப்பிடும் நேரத்துக்கு ஃபேனை நிறுத்திவிடுவேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். ஜன்னல் திரை காற்றில் ஆடாமல் இருக்கக் கிளிப் போட்டேன். ஏம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது, ஃபேன் போட்டுக்கக் கூடாதா என்று கோடையில் நீ கேட்டாயே, ரிப்பேர் என்று சொன்னேன். அறுபத்து நான்கு வீட்டு ஃபேனைச் சரி செய்கிறவன் வீட்டில் ஐந்து மாதமாக ஃபேன் ரிப்பேர். நீயும் நம்பினாய்.

நரம்பு டாக்டரிடம் இரண்டு தடவை போய் வந்தோம். நடுக்கவாதம் என்கிறார், கை நடுங்கவும் செய்யுமாம், பாதியில் நின்றுவிடவும் செய்யுமாம். உயிருக்கு ஆபத்து என்று எதுவும் சொல்லவில்லை, மெல்லத்தான் கூடும், மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், வலது பக்கத்தில்தான் இப்போதைக்கு இருக்கிறது என்றார். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன். நடக்கிறாள், சமைக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. அவள் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் புது மெஷின் வந்துவிட்டது, வேலை குறைந்தது, அதனால் நின்றுவிட்டாள் என்று உனக்குச் சொன்னோமே, அதுவும் பொய்தான். ஃபிரேமுக்கு ஸ்க்ரூ போடுகிற வேலை, எள்ளளவு ஸ்க்ரூ, இருபத்தாறு வருஷம் பின்னறையில் உட்கார்ந்து ஒன்றைக்கூடத் தரையில் விடாதவள். ஒரு நாளில் ஒன்பது விழுந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர், தானே குனிந்து பொறுக்கினாராம். அவர் குனிஞ்சதைப் பார்க்கத்தான் முடியலை என்று சொல்லிவிட்டு மறுநாள் போகவில்லை. ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த தகர டப்பாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் வைத்தாள்.

இதற்கு மேல் எழுதப்போவது என் குற்றம், அதை நான்தான் எழுத வேண்டும். நீ இந்த வருஷம் லீவுக்கு வருவதாக இருந்தது. அப்புறம் ஒரு நாள், புது நெட்வொர்க் வந்துட்டா தினமும் பார்த்துப் பேசலாமேப்பா, அடுத்த வருஷ லீவோட சேர்த்து நிதானமா வர்றேன் என்றாய். சரிம்மா என்றேன். அதற்கு ஒரு வாரத்தில் டவர் இன்ஜினியர் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும், தலையில் ஹெல்மெட், தோளில் கயிறு, சார் மொட்டை மாடியைத் திறங்க, பத்தே நாள் வேலை என்றாள். மூன்று வருஷமாக யாருக்காகக் காத்திருந்தேனோ அந்த ஆள். திறந்தால் பத்து நாளில் படம் கண்ணாடி மாதிரி வரும். கண்ணாடி மாதிரி வந்தால் அந்தக் கை தெரியும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அதை நீ திரையில் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, மாடியில் நீர்க்கசிவுக்குப் பூச்சு வேலை நடக்கிறது, கால் வைக்கக் கூடாது என்றேன். அவள் போய்விட்டாள். மறுபடி வந்தபோது செயலாளர் கையெழுத்து வேண்டும் என்றேன். வாங்கி வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை, பேட்டரிப் பெட்டியை எட்டு மாடி தூக்க முடியாது என்று சொல்லி, லிஃப்டை நானே நிறுத்தி வைத்தேன். நாலாவது தடவை சாவி தொலைந்துவிட்டது என்றேன். சாவிக்கொத்து என்று நீ கேலி செய்கிற உன் அப்பா, முப்பது வருஷத்தில் ஒரு சாவிகூடத் தொலைத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், வாய் கூசாமல் சொன்னேன். சாவியைக் கொண்டுபோய் அந்தத் தகர டப்பாவுக்குள் ஸ்க்ரூவோடு ஸ்க்ரூவாகப் புதைத்து வைத்தேன். அதை உன் அம்மா இனி தொடமாட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டரை மாதம் இப்படி ஓட்டினேன். திருட்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, ரொம்ப அலுத்துப் போனேன். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்து ஜன்னல் உனக்கு நினைவிருக்கும். இந்தக் கட்டடத்திலேயே சிக்னல் கொஞ்சம் ஒழுங்காக வருவது அங்கேதான். நாலாம் மாடிக் கணக்கு வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அங்கே உட்கார்ந்துதான் போனில் பாடம் எடுக்கிறார், சிக்னல் வாத்தியார் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. ஏறுகிறவர் இறங்குகிறவருக்கெல்லாம் முழங்காலை மடக்கி வழி விட்டுக்கொண்டே பின்னம் சொல்லிக் கொடுப்பார். இடுப்பு வலிக்குப் பெல்ட் போட்டிருக்கிறார். நான் படியேறும்போதெல்லாம், உங்களால்தாங்க இது நடக்கப் போகுது, நீங்க விடாம மனு போடலைன்னா நாம இன்னும் சாம்பல்லயேதான் கிடப்போம் என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவர் ஒவ்வொரு தடவை கும்பிடும்போதும் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். கடைசியில் அவரைத் தாண்ட வேண்டாம் என்று லிஃப்டை ஓட விட்டேன். உங்கள் லிஃப்ட்தான் ஓடுகிறதே என்று மறுநாளே இன்ஜினியர் வந்து நின்றாள். அதற்கும் ஏதோ மழுப்பினேன்.

என்னைப் பிடித்தது அவர்கள் யாரும் இல்லை, உன் அம்மா. போன மாதம் ஒரு மத்தியானம் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தேன். மேஜையில் துணி விரித்து ஸ்க்ரூ எல்லாம் கொட்டியிருந்தாள், நடுவில் மொட்டை மாடிச் சாவி, அதில் என் கையெழுத்தில் அட்டைச் சீட்டு. அவள் எதற்கு டப்பாவைத் திறந்தாள் என்கிறாய்? இடது கையால் ஸ்க்ரூ பொறுக்கிப் பழகுவதற்கு. நான் வேலைக்குக் கிளம்பிப் போனதும் தினமும் இரண்டு மணி நேரம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. மேலாக இருந்ததை மட்டும் எடுத்துப் பழகினவள் அன்றைக்குத்தான் டப்பாவை முழுசாகக் கவிழ்த்திருக்கிறாள். டவர்க்காரர்கள் வந்து போவதை ஜன்னலில் பார்த்திருக்கிறாள், படம் நன்றாக வருவதற்குள் இடது கையைத் தயார் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. நான் படம் வராமல் தடுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் படம் வரப்போகிறது என்று கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள், ஒரே வீட்டில். சாவி ஏன் இங்கே இருக்கு என்று இடது கையால் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், அவள் கோபத்தில் கை எப்படிப் பறக்கும் என்று உனக்கே தெரியும். அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்துல டீச்சர் எங்க கையைத் தொடைக்கு அடியில வெச்சு அது மேலயே உட்காரச் சொல்வாங்க, கையை ஆட்டினா வாய்ப் பேச்சு வராதுன்னு அடிப்பாங்க, எட்டு வருஷம் கை மேல உட்கார்ந்திருந்தேன், இப்ப நீயும் அதையேதான் பண்றே என்றாள். ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியருக்குப் போன் செய்யப் படியேறினேன், நல்ல சிக்னல் கிடைப்பது வாத்தியாரின் ஸ்டூலுக்குப் பக்கத்தில்தானே. அவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார், உட்கார்ந்து பேசுங்க என்றார்.

அதற்கப்புறம் வேலை ஓடிவிட்டது. பெட்டிகளை ஏற்றினார்கள், கம்பி இழுத்தார்கள், சோதனைக்காக இரண்டு நிமிஷம் விட்டுப் பார்த்தார்கள். அந்த இரண்டு நிமிஷம் இன்ஜினியர் மாடியிலிருந்து என் போனுக்கு வீடியோவில் வந்தாள், அவள் ஹெல்மெட்டில் இருந்த கீறல்வரை தெரிந்தது. உன் அம்மா திரையில் அவளுக்குக் கையசைத்துவிட்டு, திரும்பி என்னிடம் முதலில் சொன்னது, நம்ம பொண்ணுக்கு எழுது என்பதுதான். பார்த்து அதிர்ச்சி அடையறதுக்கு முன்னாடி படிச்சு அழுது முடிச்சுடட்டும், பேசற நேரத்துல அழுகை வேண்டாம், அழுதா கண்ணைத் துடைக்கக் கை போயிடும், அப்புறம் எப்படிப் பேசறது என்றாள். அவள் கணக்கு எப்போதும் சரிதான். இதை எழுதும்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உன் அப்பாவைத் திட்டாதே என்று எழுதச் சொல்கிறாள், கொஞ்சம் திட்டலாம் என்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். மாப்பிள்ளை கையால் பேசக் கற்றுக்கொள்வது நல்லதுதான், ஆனால் போன தடவை அவர் நன்றி சொல்கிறேன் என்று எதையோ காட்டி அவளைச் சிரிக்க வைத்தாரே, அதை அவர் திருத்திக்கொள்ள வேண்டாமாம், அப்படியே இருக்கட்டுமாம்.

லீவு விஷயம் அவள் எழுதச் சொல்லவில்லை, அது நான் எழுதுவது. படம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் படம்தான். அந்தக் கையைக் கைக்குள் வைத்துப் பிடித்தால் நடுக்கம் கொஞ்ச நேரம் நிற்கிறது, நான் பிடித்தால் நிற்கிறது, நீ பிடித்தால் இன்னும் நன்றாக நிற்கும். முடிந்தால் இந்த வருஷமே வா. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி அண்டாமல், மனம் ஒத்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உங்களுக்கு உண்டு, அவளுடையது இடது கையால். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. விளக்கு உன் முகத்துக்கு எதிரில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வைத்தால் உன் கை அவளுக்குத் தெரியாது. மோவாயில் இருக்கிற மச்சத்தை வைத்து, சுண்டு விரலால் மோவாயை இரண்டு தட்டுத் தட்டி அவள் உனக்கு ஒரு பெயர் வைத்தாளே, வலது கையால் தட்டினால் இப்போது இரண்டு ஏழெட்டாகிவிடுகிறது. ஒரு தடவை கூப்பிட்டா நாலு தடவை கூப்பிட்ட மாதிரி இருக்கும், இவ ஓடி வந்துடுவா என்று அவளே கேலி பண்ணுகிறாள். இடது கையால் அவள் முதல் முதலில் பழகினதும் அந்தப் பெயரைத்தான், பத்து நாள் ஆனதாம். அடுத்த மாதம் நீ கூப்பிடும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், கடிகாரமும் பழைய இடத்தில் மாட்டியிருக்கும். நடுவில் அவள் கை நின்றால் நெட்வொர்க் என்று நினைத்துக் கட் செய்துவிடாதே. பின்னால் ஃபேனைப் பார், அது சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே இரு. கை மறுபடி நகரும்.

இப்படிக்கு,
ஒரு சாவியையும் தொலைக்காத உன் அப்பா,
சாவிக்கொத்து